எல்லை கடக்கும் செவிலியரும் எல்லையில் உதிரும் உரிமைகளும்

புனே நகரின் வடமேற்கில், முளா, பவனா ஆறுகள் கூடும் இடத்தை ஒட்டி அமைந்துள்ளது சாங்வி. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் பகுதியான இவ்வூரிலிருந்து ஆற்றைக் கடந்தால் ஔந்த். சாங்வி ஃபாட்டா என்று மக்கள் வழங்கும் சாலைப் பிரிவை ஒட்டி அரசு மாவட்ட மருத்துவமனை இயங்குகிறது. ஔந்த், பாணேர், வாகட் என்று விரிந்துகொண்டே போகும் புதிய புனேயில் தனியார் மருத்துவமனைகள் பெருகியுள்ளன. இரவுப் பணி முடிந்து காலையில் வாடகை அறைகளுக்கும் பெண்கள் விடுதிகளுக்கும் திரும்பும் செவிலியருள் கேரளத்தவர் உண்டு, தமிழ்நாட்டவர் உண்டு, லாத்தூரிலிருந்தும் நாந்தேடிலிருந்தும் யவத்மாளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த மராட்டியப் பெண்களும் உண்டு.

நாகர்கோவிலிலிருந்து மும்பை செல்லும் விரைவு வண்டியில் ஏறிப் புனேயில் இறங்கும் இளம் செவிலியரைப் பற்றி முதலாளித்துவ ஏடுகள் எழுதினால் அதற்கு ‘வாய்ப்பு’ என்று பெயர் வைக்கின்றன. வீட்டார் அதையே ‘தலையெழுத்து’ என்கின்றனர். இவ்விரண்டு சொற்களும் நடந்ததைச் சொல்வதில்லை. இந்திய ஆட்சிப்பரப்பில் எங்கும் சென்று வாழவும் தொழில் செய்யவும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. அந்த உரிமையை நம்பித்தான் அவள் புறப்படுகிறாள். ஆனால் மாநில எல்லையைக் கடக்கும் நொடியில் அவளுடைய தொழிற்பதிவு பயனற்றதாகிறது. ஊதியப் பாதுகாப்பு மறைகிறது. சங்கத்தின் துணை அறுகிறது. தாய்மொழி கூடக் குற்றமாகப் பார்க்கப்படலாம். ஆள் எல்லையைக் கடக்கிறாள். உரிமைகள் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. இந்நிலை இயற்கையாய் நேர்ந்தது அன்று. இதனால் ஆதாயம் பெறுவோர் இருக்கின்றனர். இதை மாற்றும் வழிகளும் இருக்கின்றன. அவற்றைக் கட்சி உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

பழந்தமிழ் அக மரபில் ‘செவிலி’ என்னும் பாத்திரத்துக்குத் தனி இடம் உண்டு. தான் வளர்த்த மகள் பாலை வழியே சென்றுவிட்டபோது வீட்டில் தங்கி வருந்துபவளும், அவளைத் தேடிச் சுரத்திடையே நடப்பவளும் அவளே. தாதிமைத் தொழிலுக்கு அந்தப் பழஞ்சொல்லைத் தமிழ்நாடு எடுத்துக்கொண்டது பொருத்தமே. இன்று பாலையைக் கடந்து செல்பவளே செவிலியாக இருக்கிறாள். அவளைத் தேடிச் செல்ல வேண்டியவர் யார் என்பதே நம்முன் உள்ள கேள்வி.

புறப்பாடு தொடங்கும் இடம்

தமிழ்நாட்டுக்குச் செவிலியர் கல்வியில் நெடிய வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் சட்டம் 1926ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. நாட்டின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் 1946இல் வேலூரிலும் தில்லியிலும் தொடங்கின. அதே ஆண்டில் வெளிவந்த போர் குழு அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற செவிலியரே இருப்பதைச் சுட்டி, 500 பேருக்கு ஒருவர் என்ற நிலையை எட்ட வேண்டும் என்றது. இன்று ஆயிரம் பேருக்கு மூன்று செவிலியர் என்பது பரவலாகப் பேசப்படும் அளவுகோல். அதையும் நாடு இன்னும் எட்டவில்லை. செவிலியர் தேவை இவ்வளவு இருக்கையில், படித்த செவிலியர் சொந்த மாநிலத்தில் ஏன் நிலைக்க முடிவதில்லை?

விடை 2015ஆம் ஆண்டில் இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அவ்வாண்டு நடத்திய போட்டித் தேர்வின் வழியே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை அ.இ.அ.தி.மு.க. அரசு பணியமர்த்தியது. அவர்களுக்குத் தரப்பட்டது காலமுறை ஊதியம் அன்று. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டுகளில் பணி நிரந்தரம் என்ற வாக்குறுதி காற்றில் போனது. 2017 நவம்பர் இறுதியில் ஆயிரக்கணக்கான செவிலியர் சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியதைத் தமிழகம் கண்டது. பின்னர் தொகுப்பூதியம் உயர்த்தப்பட்டது. தொகுப்பூதியம் என்னும் முறை நீடித்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது பணிக்கு அழைக்கப்பட்ட 2,472 செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிந்ததாகத் தி.மு.க. அரசு அறிவித்தது. அவர்கள் சாலைக்கு வந்த பிறகே மாற்றுப் பணி பற்றிய பேச்சு எழுந்தது. அந்த மாற்றுப் பணியும் தொகுப்பூதியத்திலேயே.

ஆட்சிகள் மாறின; பொது மருத்துவத்தை ஒப்பந்த உழைப்பால் நடத்தும் நவதாராளமயக் கொள்கை மாறவில்லை. ஒன்றிய அரசு நிறுவனங்களில் செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். எய்ம்ஸ் நிறுவனங்களின் பொதுத் தகுதித் தேர்வுக்குப் பல்லாயிரம் பேர் இரவு பகலாகப் படிப்பதன் காரணம் இந்த இடைவெளிதான். அத்தேர்வில் வென்றவர் போபாலுக்கோ ரிஷிகேசுக்கோ போகிறார். வெல்லாதவருக்குக் கல்விக்கடன் தவணை காத்திருக்கிறது. அவர் தனியார் மருத்துவமனையின் அழைப்பை ஏற்றுப் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் புனேக்கும் செல்கிறார். இவ்வாறு சொந்த ஊர் அரசு மருத்துவமனையின் காலிப் பணியிடமே மாநிலம் கடக்கும் பயணத்தைத் தொடங்கிவைக்கிறது.

2023 ஏப்ரலில் 157 புதிய செவிலியர் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கல்லூரிகள் வரட்டும், வரவேற்போம். ஆயினும் நிரந்தரப் பணியிடங்கள் உருவாகாமல் கல்லூரிகள் மட்டும் பெருகினால், மலிவான உழைப்புச் சந்தையே பெருகும். பொதுச் சுகாதாரச் செலவை 2025ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதி கூறியது. ஆண்டு வந்தது, அந்த உறுதி நிறைவேறவில்லை.

பதிவேடு என்னும் பூட்டு

தமிழ்நாட்டுச் செவிலியர் குழுமத்தில் பதிவு பெற்ற ஒருவர் மகாராஷ்டிரத்தில் பணிபுரிய அம்மாநிலக் குழுமத்திலும் பதிவு பெற வேண்டும். இதற்குத் தாய்க் குழுமத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், சான்றிதழ் சரிபார்ப்பு வேண்டும், கட்டணம் வேண்டும், இவை அனைத்துக்கும் காலம் வேண்டும். நோயாளியின் பாதுகாப்புக்காகப் பதிவேடு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நடைமுறையில் நிகழ்வது வேறு. பதிவு வந்துசேராத மாதங்களில் முழுத் தகுதி பெற்ற செவிலியரைப் ‘பயிற்சியாளர்’ என்று பெயரிட்டுக் குறைந்த ஊதியத்தில் வைத்துக்கொள்ள நிர்வாகங்களுக்கு வழி கிடைக்கிறது. அவர் செய்வதோ அதே ஊசி, அதே சொட்டு மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே இரவுப் பணி. தகுதிக் குறைவு என்ற சாக்கில் கூலிக் குறைப்பு நடக்கிறது.

இப்பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு உண்டு. செவிலியர் வழக்கில் அதற்குப் பெயர் ‘பாண்டு’. ஓராண்டோ ஈராண்டோ பணியாற்றாமல் விலகினால் குறிப்பிட்ட தொகையைக் கட்ட வேண்டும் என்னும் ஒப்பந்தம் அது. அதற்கு ஈடாக மூலச் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்வதும் பல இடங்களில் வழக்கமாயிற்று. 2011 அக்டோபரில் மும்பைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய கேரளச் செவிலியர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது இக்கொடுமை நாட்டின் பார்வைக்கு வந்தது. மும்பையில் தொடங்கிய கொந்தளிப்பு தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் கேரளத்துக்கும் பரவியது. 2012இன் தொடக்கத்தில் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். பாண்டு முறையை ஒழிப்பது அப்போராட்டங்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று.

இவ்விடத்தில் சட்டநிலையைத் தோழர்கள் துல்லியமாக அறிதல் நலம். ஒப்பந்தம் மீறப்பட்டால் நியாயமான இழப்பீட்டை மட்டுமே கோரலாம் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பணியில் நீடிக்குமாறு நீதிமன்றமும் கட்டாயப்படுத்துவதில்லை. பாண்டு எல்லா வடிவிலும் செல்லாது என்று எண்ணிவிடவும் கூடாது: பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், பணிக்கால நிபந்தனையையும் அதற்கான இழப்பீட்டுத் தொகையையும் உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. ஆனால் சான்றிதழைப் பிடித்துவைப்பது முற்றிலும் வேறு. கல்விச் சான்றிதழ் என்பது பிணையாக வைத்துக்கொள்ளத்தக்க சந்தைப் பொருள் ஆகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியுள்ளது. பிறருடைய சான்றிதழை அடகாக வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தத் தொழிலாளர் சட்டமும் முதலாளிக்கு வழங்கவில்லை. அச்சத்தால் தாள்களைக் கொடுத்துவிட்டு, அதே அச்சத்தால் விலக முடியாமல் தவிக்கும் செவிலியருக்கு இந்தச் செய்தியே முதல் உதவி.

தொழிலாளியின் உரிமை எல்லை கடக்கும்படி செய்வது நிர்வாகத்தால் இயலாத செயலா? வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒரே கணக்கு எண் வழங்கப்படுகிறது. தொழிலாளி எந்த மாநிலத்தில் வேலை செய்தாலும் அந்த எண் உடன் செல்கிறது. செவிலியருக்கும் தேசிய அளவிலான தனி அடையாள எண் வழங்கும் முறை முன்பே தொடங்கப்பட்டுள்ளது. 1947ஆம் ஆண்டு இந்தியச் செவிலியர் குழுமச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டமும் தேசியப் பதிவேட்டை வகுத்துள்ளது. அந்த ஆணையம் ஒன்றிய அரசின் நியமனங்களால் அமைவது. அதில் செவிலியரின் குரலும் மாநிலங்களின் அதிகாரமும் சுருங்கும் என்ற எதிர்ப்பு நியாயமானது. அவ்வெதிர்ப்பை விடாமலே ஒன்றை வலியுறுத்தலாம்: ஒருமுறை சரிபார்க்கப்பட்ட தகுதி நாடெங்கும் செல்ல வேண்டும், மாநிலப் பதிவு மாற்றம் கட்டணமின்றி, வரையறுத்த நாள்களுக்குள் முடிய வேண்டும், அதுவரை முழு ஊதியம் தரப்பட வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் படாதவர்

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் 1979இல் வந்தது. ஒடிசாவிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்ட ‘தாதன்’ தொழிலாளரின் துயரமே அதற்கு வித்து. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களுக்கு அது பொருந்தியது. பயணப்படி, இடப்பெயர்வுப்படி, உள்ளூர்த் தொழிலாளருக்கு இணையான கூலி ஆகியவற்றை விதித்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் வழியே அழைத்துவரப்பட்டவரையே அது கண்டது. மருத்துவமனை நேரடியாகத் தேர்ந்தெடுத்த செவிலியரும், கல்லூரி வளாகத்துக்கு வந்த முகவரை நம்பிப் புறப்பட்டவரும் அதன் கண்ணில் படவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டத்தை விழுங்கிவிட்டன. நேரடியாகப் பணியமர்த்தப்பட்டவரும் புலம்பெயர் தொழிலாளரே என்று புதிய தொகுப்பு ஒப்புக்கொள்கிறது. இது ஒரு முன்னேற்றம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தாமாக வந்து வேலை தேடிக்கொண்டவருக்கு ஊதிய வரம்பு வைக்கப்பட்டது. ஐந்து என்ற எண்ணிக்கை பத்தாக உயர்த்தப்பட்டதால் சிறு மருத்துவமனைகள் தப்பின. இடப்பெயர்வுப்படி நீக்கப்பட்டது. ஒரு கையால் கொடுத்து இரு கைகளால் பறித்தனர்.

தொழிலுறவுத் தொகுப்பில் இன்னும் ஆழமான குழி இருக்கிறது. பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் 1978 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு, மருத்துவமனைகளும் ‘தொழில்’ என்னும் வரையறைக்குள் வரும் என்று நிலைநாட்டியது. செவிலியர் தொழிற்தகராறு எழுப்பும் உரிமை அதன்மேல் நின்றது. புதிய தொகுப்போ அறப்பணியில் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை அவ்வரையறையிலிருந்து விலக்குகிறது. மகாராஷ்டிரத்தின் பெரிய மருத்துவமனைகள் பலவும் அறக்கட்டளையின் பெயரில் இயங்குபவை. அவை பத்து விழுக்காடு படுக்கைகளை வறியவர்க்கு இலவசமாகவும், மேலும் பத்து விழுக்காட்டை நலிந்த பிரிவினர்க்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்பது விதி. சலுகை பெறும்போது ‘அறம்’, கட்டணம் வாங்கும்போது வணிகம், செவிலியர் ஊதியம் கேட்கும்போது மீண்டும் ‘அறம்’ என்று வேடம் மாற்ற இச்சட்டம் வழிவிடுகிறது.

ஊதியம் பற்றிய வழிகாட்டுதலும் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. உச்சநீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று அளித்த ஆணைப்படி ஒன்றிய அரசு அமைத்த வல்லுநர் குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றது. 100க்கு மேல் படுக்கை உள்ளவற்றில் வேறுபாடு பத்து விழுக்காட்டையும், 50 முதல் 100 வரை உள்ளவற்றில் 25 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. 50க்கும் குறைந்தவற்றிலும் 20,000 ரூபாய்க்குக் கீழ் போகக் கூடாது. இப்பரிந்துரையை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்ததோடு ஒன்றிய அரசு கை கழுவியது. கேரளத்தில் செவிலியர் ஓயாது போராடி, நெடும்பயணத்துக்கும் ஆயத்தமான நிலையில், இடது ஜனநாயக முன்னணி அரசு 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அறிவிக்கை செய்தது. பரிந்துரை தாளில் கிடப்பதும் சட்டமாவதும் களத்தின் வலுவைப் பொறுத்தவை.

உலக அளவில் ஒப்பிட்டால் இவ்வெற்றிடம் இன்னும் தெளிவாகும். ஒரு நாடு இன்னொரு நாட்டின் மருத்துவப் பணியாளரைப் பணியமர்த்தும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வகுத்தது. செவிலியரின் பணிநிலை பற்றிய 149ஆம் உடன்படிக்கையை உலகத் தொழிலாளர் அமைப்பு 1977லேயே ஏற்றது. இந்தியா இன்றுவரை அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து மகாராஷ்டிரத்துக்கு வருபவருக்கு இத்தகைய நெறி ஏதுமில்லை. அயல்நாடு செல்பவருக்கு ஏட்டளவிலேனும் உள்ள பாதுகாப்பு, உள்நாட்டில் எல்லை கடப்பவருக்கு இல்லை.

மொழியும் வசையும்

2021 ஜூன் மாதம் தில்லியின் அரசு மருத்துவமனை ஒன்றில், செவிலியர் மலையாளத்தில் பேசக்கூடாது, இந்தி அல்லது ஆங்கிலமே பேச வேண்டும், மீறினால் கடும் நடவடிக்கை என்று சுற்றறிக்கை வந்தது. கண்டனம் எழுந்ததும் மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. ஓராண்டுக்கு முன்னர், 2020 மே மாதத்தில், கொல்கத்தாத் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிய 185 மணிப்பூர்ச் செவிலியர் ஒரே நேரத்தில் வேலையை விட்டு ஊர் திரும்பினர். நோய்த்தொற்றின் அச்சத்தோடு, முகத் தோற்றத்தைச் சுட்டி எறியப்பட்ட வசைகளும் அவர்களை விரட்டின. அதே கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அன்று தனியார் மருத்துவமனை தீப்பற்றியபோது, நோயாளிகளை வெளியேற்றிவிட்டு மீண்டும் உள்ளே சென்று உயிர்நீத்தவர்கள் கேரளத்திலிருந்து வந்த இரண்டு இளம் செவிலியர். உயிரைக் கொடுக்கும்போது அவர்களை எவரும் வெளியார் என்று சொல்லவில்லை.

மொழிச் சிக்கலில் நமது நிலைப்பாடு தெளிவாக இருக்க வேண்டும். நோயாளிக்குத் தன் வலியைத் தன் மொழியில் சொல்லும் உரிமை உண்டு. சாங்வியில் அம்மொழி மராத்தி. ‘எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து’ என்று மராத்தியில் கேட்கவும், மறுமொழியைப் பிழையின்றிப் புரிந்துகொள்ளவும் கற்பது செவிலியரின் தொழில் அறம். அதற்கான வகுப்பைப் பணி நேரத்திலேயே, ஊதியத்தோடு நடத்துவது நிர்வாகத்தின் கடமை. ஆனால் தோழியிடமும் வீட்டாரிடமும் தமிழில் பேசுவதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. முன்னது நோயாளியின் உரிமையிலிருந்து பிறப்பது. பின்னது ஆதிக்கத்திலிருந்து பிறப்பது. இவ்விரண்டையும் குழப்புவோர் இந்தித் திணிப்பாளராயினும் மண்ணின் மைந்தர் அரசியல் பேசுவோராயினும் நாம் எதிர்ப்போம்.

மண்ணின் மைந்தர் அரசியல் மகாராஷ்டிரத் தொழிலாளி வர்க்கத்துக்குச் செய்த தீங்கு நமக்குப் புதிதன்று. 1966இல் மும்பையில் தோன்றிய சிவசேனை தென்னிந்தியரைப் பகைவராகக் காட்டியே வளர்ந்தது. செங்கொடிச் சங்கங்களை உடைக்க முதலாளிகளுக்கு அது உதவியது. 1970 ஜூன் 5 அன்று கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ண தேசாய் படுகொலை செய்யப்பட்டார். அவர் மராட்டியர். மொழியின் பெயரால் தொடங்கிய பகைமை, வர்க்க ஒற்றுமையைப் பேசிய மராட்டியரின் உயிரையே குடித்தது.

புனே தரும் பாடம்

இதே புனேயில், 1897இல் கொள்ளைநோய் பரவியபோது, சாவித்திரிபாய் புலே தம் வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்துடன் இணைந்து நகருக்கு வெளியே சிகிச்சை இல்லம் நடத்தினார். தீண்டாமைக்குட்பட்ட சமூகத்துச் சிறுவன் ஒருவனைத் தோளில் சுமந்து வந்ததில் நோய் தொற்றி, அவ்வாண்டு மார்ச் 10 அன்று மறைந்தார். பிறர் உடலைத் தொடுவதை இழிவாகக் கருதிய சாதியச் சமூகத்தில், தொட்டு ஆற்றுவதைச் சமத்துவப் பணியாக்கிய மரபு அது. செவிலியர் பணி இன்றும் குறைந்த கூலிக்குரிய ‘பெண் வேலை’யாகப் பார்க்கப்படுவதில் அந்தச் சாதியமும் ஆணாதிக்கமும் உயிரோடிருக்கின்றன. கர்நாடகத்தின் ஹல்திப்பூரிலிருந்து மும்பைக்கு வந்து மாநகராட்சிப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய அருணா சான்பாக், 1973 நவம்பரில் பணியிடத்திலேயே தாக்கப்பட்டு, 2015 மே 18 வரை நினைவிழந்து கிடந்தார். 42 ஆண்டுகள் அவரைப் படுக்கைப்புண் வராமல் காத்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே பணியாற்றிய சக செவிலியர். அவர்களுள் எத்தனை பேர் எந்த மாநிலத்தவர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

அந்த ஒற்றுமை போராட்டக் களத்திலும் முளைத்துள்ளது. 2022 மே மாதம், செவிலியரை வெளிமுகமை வழியே பணியமர்த்தும் முடிவை எதிர்த்து மகாராஷ்டிர அரசு மருத்துவமனைச் செவிலியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2023 செப்டம்பரில் அரசுப் பணிகளைத் தனியார் முகமைகளின் வழியே நிரப்ப ஆணையிட்ட மாநில அரசு, எதிர்ப்பின் வேகம் கண்டு அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்றது. தேனாம்பேட்டையில் தமிழில் எழுந்த முழக்கமும் புனேயில் மராத்தியில் எழுந்த முழக்கமும் ஒன்றே: நிரந்தரப் பணி, நியாயமான ஊதியம். தமிழ்நாட்டில் நிரந்தர வேலை மறுக்கப்பட்டவர் சாங்விக்கு வருகிறார். மகாராஷ்டிரத்தில் நிரந்தர வேலை மறுக்கப்பட்டவர் அதே வார்டில் அவருடன் நிற்கிறார். ஒருவரைக் காட்டி மற்றவரின் கூலியைக் குறைப்பது நிர்வாகத்தின் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்குவது நமது வேலை.

நமது பணிகள்

புனேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலும் வாழும் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கு முதற்பணி இருக்கிறது. ஊர்ச் சங்கமும் பொங்கல் விழாவும் ஆறுதல் தரும், ஊதியம் தாரா. செவிலியரைத் தமிழர் என்ற அளவில் மட்டும் திரட்டினால் மராட்டியச் செவிலியரிடமிருந்து அவரை நாமே பிரித்தவராவோம். அவரது மொழியில் பேசி நம்பிக்கை பெறுங்கள். பிறகு மராத்தி, மலையாளம், இந்தி பேசுவோர் அனைவரும் சேரும் தொழிற்சங்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவுப் பணி செய்வோருக்கு ஞாயிறு காலைக் கூட்டம் பயன்படாது. பணிமாற்ற நேரம் அறிந்து, விடுதிக்கே செல்லும் தோழியரை, குறிப்பாக மாதர் அமைப்பினரை, இப்பணியில் ஈடுபடுத்த வேண்டும்.

தமிழ்நாட்டிலுள்ள தோழர்களின் பணி, பயணம் தொடங்கும் முன்பே தொடங்குகிறது. செவிலியர் கல்லூரி உள்ள ஒவ்வொரு நகரிலும் மாணவர், வாலிபர் அமைப்புகள் சில எளிய செய்திகளைக் கொண்டுசேர்க்க வேண்டும். பணி ஆணையைப் புறப்படும் முன்பே எழுத்தில் பெற்று, புரியாத ஆங்கில வாசகத்தைத் தமிழில் கேட்டறிந்த பின்னரே ஒப்பமிட வேண்டும். மூலச் சான்றிதழைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது; சான்றொப்பமிட்ட நகல் போதும். பதிவு மாற்றத்துக்கான விண்ணப்பத்தைப் பணியேற்கும் முன்பே தொடங்க வேண்டும். வைப்பு நிதி எண்ணையும், 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இ.எஸ்.ஐ. எண்ணையும் முதல் மாதமே கேட்டுப் பெற வேண்டும். பாலியல் துன்புறுத்தல் குறித்து 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைய வேண்டிய உள்ளகப் புகார்க் குழு மருத்துவமனையில் இருக்கிறதா, அதன் உறுப்பினர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். செல்லும் ஊரிலுள்ள சங்கத்தின் தொடர்பையும் அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

அரசியல் களத்தில் நாம் எழுப்பும் கோரிக்கைகள் இவை: வல்லுநர் குழுவின் ஊதியப் பரிந்துரை எல்லா மாநிலங்களிலும் சட்டமாக வேண்டும். சான்றிதழைப் பிடித்துவைப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். தொழிற்பதிவு நாடெங்கும் செல்ல வேண்டும். அறக்கட்டளை மருத்துவமனைகளைத் தொழிலுறவுச் சட்டத்திலிருந்து விலக்கும் பிரிவு நீக்கப்பட வேண்டும். 149ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் அளிக்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, தமிழ்நாடாயினும் மகாராஷ்டிரமாயினும் அரசு மருத்துவமனைகளின் காலிப் பணியிடங்கள் காலமுறை ஊதியத்தில் நிரப்பப்பட வேண்டும். சொந்த ஊரில் கண்ணியமான வேலை இருக்கையில், விரும்பியவர் வெளியூர் செல்வது உண்மையான சுதந்திரம். வேறு வழியின்றிச் செல்வதைச் சுதந்திரம் என்று அழைக்க முடியாது.

நம் குடும்பங்களிலும் கிளைகளிலும் இப்படிப் புறப்பட்டுச் சென்ற மகளோ தங்கையோ இல்லாதோர் குறைவு. அவர்கள் பத்திரமாகச் சேர்ந்தார்களா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். எந்த நிபந்தனையில் சேர்ந்தார்கள், சான்றிதழ் யார் கையில் இருக்கிறது, சங்கத்தில் சேர்ந்தார்களா என்றும் கேட்போம். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இக்கேள்விகள் இடம்பெறட்டும்.